யானைத் தடத்தில் ஒரு கோல்ஃப் மைதானம்

அசாம் மாநிலத்தின் கோலாகாட் மாவட்டத்தில் தேவபஹார் என்றொரு குன்றுப் பகுதி உண்டு. காசிரங்கா தேசியப் பூங்காவை உள்ளடக்கிய பெரும் வனச் சூழலின் ஒரு பகுதி அது. அங்குள்ள காடுகளின் வழியே யானைக் கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக வலசை சென்று வந்துள்ளன. 2011-இல் அந்த வழியின் குறுக்கே ஒரு மதில் எழுந்தது. அதன் நீளம் 2.2 கிலோமீட்டர், அதன் மீது முள்கம்பி. எழுப்பியது நுமாலிகர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம். மதில் காத்து நின்றது ஆலையின் கொதிகலன்களை அல்ல. நகரியத்திற்கென ஒதுக்கப்பட்ட நிலத்தையும், அதனோடு சேர்ந்த கோல்ஃப் மைதானத்தையும்.

2015 மே மாதத்தில் எடுக்கப்பட்ட ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. குட்டிகளோடு வந்த யானைக் கூட்டமொன்று மதிலின் முன்னே திகைத்து நிற்கிறது, கடக்க முயல்கிறது, முடியாமல் தவிக்கிறது. அதே காலத்தில், அந்த மதிலை மீண்டும் மீண்டும் முட்டிய ஓர் இளம் ஆண் யானை உட்குருதிப் போக்கினால் இறந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. பழக்கப்பட்ட பாதையில் சென்ற ஒரு விலங்கு, ஒரு விளையாட்டு மைதானத்தின் சுவரில் மோதி மாண்டது.

இந்தச் சம்பவத்தை வனவிலங்கு ஆர்வலர்களின் கவலையாக மட்டும் கருதிக் கடந்துசெல்வது எளிது. ஆனால் நுமாலிகர் தனியார் முதலாளியின் சொத்தன்று. அது பொதுத்துறை நிறுவனம். ஆகவே அந்த மதில் இடதுசாரி இயக்கத்தின் முன்னும் ஒரு கேள்வியாக நிற்கிறது. பொதுத்துறையைக் காக்கப் போராடுவோர், பொதுத்துறையின் கையிலுள்ள நிலம் யாருக்காகப் பயன்படுகிறது என்று கேட்க வேண்டாமா?

விளையாட்டும் அதன் சொற்களும்

முதலில் விளையாட்டுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். கோல்ஃப் சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று நையாண்டி செய்வது சரியான விமர்சனமாகாது. பதினெட்டுக் குழிகள், ஒவ்வொன்றும் 108 மில்லிமீட்டர் விட்டம் மட்டுமே கொண்டது. பல நூறு மீட்டர் தொலைவிலிருந்து அடிக்கத் தொடங்கி, மிகக் குறைந்த அடிகளில் அந்தச் சிறு வட்டத்துக்குள் பந்தைச் சேர்க்க வேண்டும். காற்றின் போக்கு, நிலத்தின் சாய்வு, புல்லின் ஈரம் ஆகிய அனைத்தையும் கணித்தாக வேண்டும். இயற்கையான காட்டுச் சூழலில் அமைந்த மைதானம் என்றால் சோதனை இன்னும் கடுமையாகிறது. இருபுறமும் மரங்கள் நெருங்கி நிற்கும்; நடுவே குறுகலான புல்வழி; சற்றே பிசகினாலும் பந்து புதருக்குள் மறைந்துவிடும். தேடுவதற்கு மூன்று நிமிட அவகாசம். கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டம், அடித்த இடத்துக்கே திரும்பி மறுபடியும் அடிக்க வேண்டும். வலிமையை நம்பி அடிப்பவர் தோற்பார். பொறுமையும் துல்லியமும் உள்ளவரே தேறுவார். இத்தகைய மைதானத்தை ஆட்டக்காரர்கள் போற்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் இந்த விளையாட்டின் சொற்களில் காடு எவ்வாறு இடம்பெறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மரம் ஓர் இடையூறு. ஓடை ஒரு தண்டனைப் பகுதி. புதர் பந்தை விழுங்கும் பொறி. மரங்கள் நிற்பது ஆட்டத்துக்குச் சுவை கூட்டத்தான். காட்டை நம்பி வாழும் உயிர்களுக்கோ மனிதர்களுக்கோ அந்தச் சொற்களில் இடமில்லை. தமிழ் இலக்கண மரபு முல்லை நிலத்தைக் காடும் காடு சார்ந்த இடமும் என்று வகுத்தபோது, அங்கே ஆநிரை மேய்ப்பவரையும் வரகு விதைப்பவரையும் அவர்தம் தெய்வத்தையும் பறையையும் யாழையும் சேர்த்தே கருப்பொருளாக வைத்தது. மனித உழைப்பை நீக்கிவிட்டுக் காட்டை வெறும் காட்சியாக நிறுத்தும் பார்வை அந்த மரபுக்கு அந்நியமானது.

நுமாலிகரில் நிகழ்ந்ததோ இந்தச் சொற்களின் தலைகீழாக்கம். ஆட்டக்காரருக்கு மரம் இடையூறு என்றால், யானைக்கு மைதானம் இடையூறாயிற்று. ஆட்டக்காரர் இழந்தது ஓர் அடி என்றால், யானை இழந்தது உயிர்.

பொதுநிலத்தில் பிறந்த விளையாட்டு

கோல்ஃப் பிறந்தபோது அதற்கு மதில் இருக்கவில்லை. அதன் தாயகமான ஸ்காட்லாந்தில் கடலோர மணல்மேட்டுப் புல்வெளிகளே முதல் மைதானங்கள். உழவுக்குப் பயன்படாத அந்த நிலங்களில் ஊரார் ஆடு மேய்த்தனர், முயல் பிடித்தனர், துணி உலர்த்தினர், பந்தும் அடித்தனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து மக்கள் தங்கள் கடற்கரைப் புல்வெளியில் விளையாடும் உரிமையை 1552-ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்று உறுதி செய்கிறது. உலகப் புகழ்பெற்ற அந்தப் பழைய மைதானம் இன்றளவும் பொதுநிலமாகவே இருக்கிறது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் இல்லை. ஊர் மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அதே புல்வெளியில் உலாவுகின்றனர். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை கால்பதித்த இடத்தில் மறுநாள் தபால்காரரும் தச்சரும் நடக்கலாம். இதனால் ஆட்டத்தின் தரம் குறைந்துவிடவில்லை.

அதே ஸ்காட்லாந்துதான் வேறொரு பாடத்தையும் தருகிறது. ‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதியில், ஆதித் திரட்டல் பற்றிய பகுதியில், சதர்லாந்து சீமாட்டியின் நிலங்களிலிருந்து 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 15,000 குடிமக்கள் வெளியேற்றப்பட்ட வரலாற்றை மார்க்ஸ் விவரிக்கிறார். முதலில் மனிதரை விரட்டி ஆடுகள் கொண்டுவரப்பட்டன. பின்னர் ஆடுகளையும் விரட்டி, பிரபுக்களின் வேட்டை விளையாட்டுக்காக மான்கள் கொண்டுவரப்பட்டன. மரமே இல்லாத அந்த மொட்டை மலைகளுக்கு ‘மான் காடு’ என்று பெயர் சூட்டப்பட்டதை மார்க்ஸ் எள்ளலோடு சுட்டிக்காட்டுகிறார். மக்களை அகற்றிய நிலத்துக்கு இயற்கையின் பெயரைச் சூட்டும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது. இன்றைய விளம்பரங்களில் வரும் ‘மாசற்ற வனச்சூழல்’ என்னும் தொடரைப் படிக்கும்போது, அந்த மொட்டை மலைகளை நினைவில் கொள்வது நலம்.

இந்தியாவுக்கு இந்த விளையாட்டு வந்தது ஊர்ப் பொதுவெளியின் வழியே அல்ல. கம்பெனி ஆட்சியின் வழியே. கல்கத்தாவில் 1829-இல் தொடங்கப்பட்ட கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய மிகப் பழமையான கோல்ஃப் கிளப்புகளில் முதன்மையானது. காசி மலைகளில், ஷில்லாங்கின் பைன் மரங்களுக்கிடையே, 1898-இல் ஒன்பது குழிகளோடு உருவான மைதானம் 1924-இல் பதினெட்டுக் குழிகளாக விரிந்தது. தேயிலைத் தோட்டங்களிலும் எண்ணெய் நகரங்களிலும் துரைமார்களின் கிளப்புகள் எழுந்தன. ஸ்காட்லாந்தின் ஊர் மக்கள் ஆடிய விளையாட்டு, இங்கே ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் பிரிக்கும் வேலியாக மாறியது.

அசாமின் டிக்பாய் இதற்குச் சிறந்த சான்று. காட்டின் விளிம்பில் அமைந்த அந்த எண்ணெய் நகரத்தில் கம்பெனி அதிகாரிகளுக்குப் பங்களாக்களும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. தொழிலாளர்களுக்கு இருந்தவை நெருக்கமான குடியிருப்புகளும் குறைந்த கூலியுமே. 1939 ஏப்ரலில் அங்கே வெடித்த வேலைநிறுத்தம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் மறக்க முடியாத அத்தியாயம். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். உலகப் போர் மூண்டதும் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிப் போராட்டம் நசுக்கப்பட்டது. அசாமின் எண்ணெய் வளம் நாட்டுடைமையானதற்குப் பின்னால் இத்தகைய போராட்டங்களின் குருதியும் உண்டு.

பொதுத்துறையின் கையில் பொதுநிலம்

நுமாலிகர் ஆலையும் ஒரு மக்கள் எழுச்சியின் விளைவே. அசாமில் விளையும் கச்சா எண்ணெய் அசாமிலேயே சுத்திகரிக்கப்பட வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை 1985-ஆம் ஆண்டின் அசாம் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. 1999-இல் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாரத் பெட்ரோலியத்தைத் தனியாருக்கு விற்க ஒன்றிய அரசு முனைந்தபோது, நுமாலிகரும் கைமாறிவிடுமோ என்ற அச்சத்தில் அசாம் மக்களும் தொழிற்சங்கங்களும் கிளர்ந்தெழுந்தனர். அதன் பயனாக 2021-இல் அதன் பங்குகள் ஆயில் இந்தியா உள்ளிட்ட பொதுத்துறை நிறுவனங்களுக்கும் மாநில அரசுக்கும் மாற்றப்பட்டன. ஆலை பொதுத்துறையிலேயே நீடிக்கிறது. இது போராடிப் பெற்ற வெற்றி. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

ஆனால் ஆலை யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் எல்லாக் கேள்விகளும் தீர்ந்துவிடுவதில்லை. காசிரங்காவைக் காக்கும் நோக்கில், 1996 ஜூலையிலேயே நுமாலிகரைச் சுற்றி 15 கிலோமீட்டர் பரப்பை வளர்ச்சிப் பணிகள் தடைசெய்யப்பட்ட மண்டலமாக ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்திருந்தது. ஆலைக்கு அனுமதி வழங்கிய அரசு, அதோடு காட்டுக்கு அளித்த வாக்குறுதி அது. அந்த வாக்குறுதியை மீறித்தான் மதில் எழுந்தது.

பின்னர் நடந்தவை ஆவணங்களில் உள்ளன. ஓர் ஆர்வலர் தொடுத்த வழக்கில், 2016 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மதிலை இடிக்க ஆணையிட்டது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. 2018 மார்ச்சில் ஏறத்தாழ 289 மீட்டர் அளவுக்கு மட்டுமே இடிக்கப்பட்டது. மறுஆய்வு மனு 2018 ஆகஸ்டில் தள்ளுபடியானது. நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2019 ஜனவரியில் அங்கும் தோல்வியே கிடைத்தது. காட்டின் மீது முதல் உரிமை யானைகளுக்கே உண்டு என்று நீதிபதிகள் தெளிவுபடுத்தினர். ஒரு மதிலைக் காப்பாற்ற மக்கள் பணத்தில் இயங்கும் நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியது என்பதே இங்கு வேதனைக்குரிய செய்தி.

மதிலுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. யானைகள் நகரியத்துக்குள் நுழைந்தால் ஊழியர் குடும்பங்களுக்கு ஆபத்து நேரும் என்பது பொய்யான அச்சமன்று. ஆனால் மதில் அந்த ஆபத்தை அகற்றுவதில்லை, இடம் மாற்றுகிறது. பழைய பாதை அடைபட்ட யானைக்கூட்டம் வானத்தில் பறந்துவிடாது. அது மதிலின் ஓரமாகவே நடந்து, மதில் இல்லாத இடத்தில் புகும். மதில் கட்ட வசதியற்றவரின் நெல்வயலே அந்த இடம். தேயிலைத் தொழிலாளியின் தகரக் கூரை வீடே அந்த இடம். கோல்ஃப் மைதானத்தின் புல்லைக் காத்ததற்கான விலையைச் சிறு விவசாயி தன் விளைச்சலாலும் சில வேளைகளில் தன் உயிராலும் செலுத்துகிறார். யானைக்கும் மனிதனுக்கும் இடையிலான மோதல் என்று செய்தித்தாள்கள் எழுதுவதன் அடியில் இந்த வர்க்கக் கணக்கு மறைந்து கிடக்கிறது. யானையும் ஏழை உழவரும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றனர். வழியை அடைத்தவர் காட்சியில் தென்படுவதே இல்லை.

இது நுமாலிகரின் தனிப்பட்ட பிழையும் அன்று. 2011-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை, பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமான 8,076 ஏக்கர் நிலத்தில் 97 கோல்ஃப் மைதானங்கள் இயங்குவதைச் சுட்டிக்காட்டியது. அவற்றை நடத்தியது ஒரு தனிச் சங்கம். வருவாய் அரசுக் கருவூலத்தைச் சென்றடையவில்லை என்றும் அந்த அறிக்கை குறைகூறியது. நிலமற்றோருக்குப் பகிர்ந்தளிக்க நிலமே இல்லை என்று அரசுகள் கைவிரிக்கும் நாட்டில்தான் இந்த நிலை. உடைமை அரசுடையது, பயன்பாடு சிலருடையது. பொதுச் சொத்தின் மீது தனிச்சலுகை படர்வதற்குத் தனியார்மயம் என்ற பெயர் எப்போதும் தேவைப்படுவதில்லை.

பசுமை என்னும் வாதம்

மைதானங்களின் சார்பில் முன்வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. கோல்ஃப் மைதானம் இல்லாதிருந்தால் அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் முளைத்திருக்கும். மைதானம்தான் மரங்களையும் பறவைகளையும் காப்பாற்றியது என்பதே அது. தலைநகரின் நடுவே உள்ள தில்லி கோல்ஃப் கிளப் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. அங்கே அடர்ந்த மரங்கள் உண்டு, மயில்கள் உலவுகின்றன, முகலாயர் காலக் கல்லறை மாடங்கள் புல்வெளியினூடே நிற்கின்றன. புல்வழியின் இருபுறமும் புதர்கள் அடர்ந்த அந்த மைதானம் ஆசியாவின் கடினமான மைதானங்களில் ஒன்று என்று தொழில்முறை ஆட்டக்காரர்கள் மதிக்கின்றனர்.

இந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். கான்கிரீட்டைவிட மரம் மேலானதே. ஆனால் இரண்டு செய்திகள் இதில் விடுபடுகின்றன. ஒன்று, மைதானத்தின் புல்வெளி காடாகாது. ஒரே வகைப் புல், நாள்தோறும் வெட்டு, தொடர்ந்து நீர், உரம், களைக்கொல்லி ஆகியவற்றால் பேணப்படும் பரப்பு அது. அந்த நீர் எங்கிருந்தோ எடுக்கப்படுகிறது. அந்த நஞ்சு எங்கோ சென்று சேர்கிறது. பதினெட்டுக் குழிகளுக்கு நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தேவைப்படுகிறது. நகரின் நடுவே வெற்றிடத்தில் மரம் வளர்ப்பது ஒன்று. ஏற்கெனவே உள்ள காட்டைத் துண்டாடிப் புல் விரிப்பது முற்றிலும் வேறொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்த முடியாது.

மற்றொன்று, அந்தப் பசுமைக்குள் நுழைய யாருக்கு உரிமை என்பது. தில்லி கிளப் அமைந்திருப்பது ஒன்றிய அரசு குத்தகைக்கு விட்ட நிலத்தில். ஆனால் அங்குள்ள மரநிழல் தலைநகரின் கோடிக்கணக்கான மக்களுக்கு உரியதன்று. 2017 ஜூனில், ஓர் உறுப்பினரின் விருந்தினராக அங்கே சென்ற காசி இனப் பெண் ஒருவர், தமது இனத்தின் மரபு உடையான ஜைன்செம் அணிந்திருந்தார். அவர் பணிப்பெண் போலத் தோன்றுவதாகக் கூறி உணவுக்கூடத்தை விட்டு வெளியேறும்படி பணிக்கப்பட்டார். நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே கிளப் வருத்தம் தெரிவித்தது. காசி மலைகளின் பைன் காட்டில் கோல்ஃப் ஆடும் சுகத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நுகர்ந்துவரும் வர்க்கம், அந்த மலைகளின் மகளுக்குத் தன் மேசையில் ஓர் இருக்கை தர மறுத்தது. அவர் உண்மையிலேயே பணிப்பெண்ணாக வந்திருந்தால் மட்டும் அந்த அவமதிப்பு நியாயமாகிவிடுமா? இக்கேள்வியை அன்று எழுப்பியவர்கள் மிகச் சிலரே.

பையைச் சுமந்தவர்கள்

மதிலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டோரில் மைதானத்துக்கு உள்ளேயே உழைப்பவர்களும் உண்டு. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து நடக்கும் கேடிகள், புல் வெட்டுவோர், நீர் பாய்ச்சுவோர், பந்து பொறுக்குவோர் ஆகியோரே மைதானத்தின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அறிந்தவர்கள். இந்தியக் கோல்ஃபின் வரலாற்றில் இவர்கள் எழுதிய பக்கங்கள் சிறியன அல்ல. 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், தில்லி மைதானத்தின் கேடிகளிடையே வளர்ந்தவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா, பெங்களூரில் பை சுமந்தவர். பிற்காலத்தில் இருமுறை அதை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, கல்கத்தாவில் புல்வெளியைப் பராமரித்த தொழிலாளியின் மகன்.

இம்மூவரின் வெற்றியும் இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. திறமை எந்த வர்க்கத்துக்கும் ஏகபோகச் சொத்தன்று என்பது ஒன்று. உறுப்பினர் பட்டியலில் இடம்பெறக் காத்திருக்கும் ஆண்டுகளும் கட்டணமும் எத்தனை ஆயிரம் முனியப்பாக்களை மைதானத்தின் விளிம்பிலேயே நிறுத்தியிருக்கும் என்பது மற்றொன்று. அவர்களில் பெரும்பாலோர் இன்றும் முறைசாராத் தொழிலாளர்களே. பணிநிரந்தரம், வருங்கால வைப்புநிதி, விபத்துக் காப்பீடு ஆகியவை அவர்களுக்கு எட்டாக்கனி. கோல்ஃபைப் பற்றிய இடதுசாரி விமர்சனம் இவர்களிலிருந்து தொடங்காவிட்டால் அது வெறும் ஒழுக்கப் போதனையாகவே எஞ்சும்.

பைன் மரங்களின் கீழே

காட்டை விழுங்க வந்த மைதானத்தை மக்கள் தடுத்து நிறுத்திய வரலாறும் உலகில் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஓகா என்னும் சிற்றூர் இருக்கிறது. அதையடுத்த பைன் காட்டை மோஹாக் பழங்குடியினர் தங்கள் மண்ணாகக் கருதினர். அவர்களின் முன்னோரின் இடுகாடும் அங்கேதான் இருந்தது. ஒன்பது குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானத்தைப் பதினெட்டாக விரிவாக்கவும், அருகே சொகுசு வீடுகள் எழுப்பவும் ஊர் நிர்வாகம் முடிவுசெய்தது. பழங்குடியினர் பாதையை மறித்தனர். 1990 ஜூலை 11 அன்று காவல்துறை தாக்குதல் தொடுத்தது. மோதலில் ஒரு காவலர் உயிரிழந்தார். பின்னர் இராணுவமே வரவழைக்கப்பட்டது. 78 நாள்கள் நீடித்த அந்த முற்றுகையின் முடிவில் மைதான விரிவாக்கம் கைவிடப்பட்டது. நிலத்தை ஒன்றிய அரசு விலைக்கு வாங்கியது. நிலவுரிமைச் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை என்றாலும், பைன் மரங்கள் நின்றன.

ஓகாவில் மனிதர்கள் பேசினார்கள், மறித்தார்கள், வென்றார்கள். தேவபஹாரில் யானைகளுக்காக ஒரு தனிமனிதர் நீதிமன்றப் படிகளில் ஏற வேண்டியிருந்தது. இந்த வேறுபாடு சிந்திக்கத்தக்கது. நுமாலிகர் ஆலையில் தொழிற்சங்கங்கள் உண்டு; சுற்றிலும் விவசாயிகள் உண்டு; தேயிலைத் தொழிலாளர்கள் உண்டு. மதில் எழும்பியபோதே இவர்கள் ஒரே குரலில் கேள்வி எழுப்பியிருந்தால், ஒரு யானையின் சாவுக்கும் ஆண்டுக்கணக்கில் நீண்ட வழக்குக்கும் தேவை எழுந்திராது.

செய்ய வேண்டியவை

வரவிருக்கும் காலம் இன்னும் கடினமானது. 2023-இல் நிறைவேற்றப்பட்ட வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், உயிரியல் பூங்காக்களையும் சஃபாரிகளையும் சூழல் சுற்றுலா வசதிகளையும் வனம் சாராப் பயன்பாடு என்ற வரையறையிலிருந்து விடுவித்திருக்கிறது. காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விரிந்த விளக்கத்தைச் சுருக்கவும் அந்தத் திருத்தம் முயன்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையின் மூலம் பழைய விளக்கத்தைத் தொடரச் செய்தது. சுற்றுலா என்ற பெயரில் திறக்கப்பட்ட கதவின் வழியே நாளை எதுவெல்லாம் நுழையும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இதற்கு எதிரான கருவிகள் இல்லாமல் இல்லை. இடதுசாரிகளின் ஆதரவில் ஒன்றிய அரசு இயங்கிய காலத்தில், அவர்களின் அழுத்தத்தோடு உருவான 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. காட்டு நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் எந்த முடிவும் அந்தச் சபையின் ஒப்புதலின்றி எடுக்கப்படலாகாது என்பதை ஒவ்வொரு மாவட்டத்திலும் நடைமுறைப்படுத்த வேண்டும். பொதுத்துறை நிறுவனங்கள், பாதுகாப்புத் துறை, துறைமுகங்கள், இரயில்வே ஆகியவற்றின் வசமுள்ள கிளப் நிலங்களின் பரப்பு, குத்தகை, வருவாய், நீர்ப் பயன்பாடு ஆகியவை பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். அரசு நிலத்தில் நடக்கும் மைதானங்கள் வாரத்தில் ஒரு நாளேனும் மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் முடிவது இங்கே ஏன் முடியாது? கேடிகளும் புல்வெளித் தொழிலாளர்களும் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும். வலசைப் பாதைகளில் எந்த மைதானமும் மதிலும் இருக்கலாகாது.

இவற்றுள் முதலடி எடுத்து வைக்க வேண்டியது பொதுத்துறைத் தொழிற்சங்கங்களே. ஆலையைத் தனியாருக்கு விற்காதே என்று முழங்கும் தார்மிக உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த உரிமை முழுமை பெற வேண்டுமானால், ஆலையின் வேலிக்கு வெளியே வாழும் உழவரும் பழங்குடியினரும் அந்த ஆலையைத் தங்களுடையதாக உணர வேண்டும். தன் வயலுக்குள் யானையைத் திருப்பிவிட்ட மதிலைத் தினமும் பார்க்கும் ஒருவரிடம், இது உன் சொத்து, இதைக் காக்க வா என்று எப்படி அழைப்பது? தனியார்மயத்துக்கு எதிரான போராட்டத்தில் அவர் தோள்கொடுக்க வேண்டுமானால், மதில் குறித்த அவரது கேள்விக்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும்.

விளையாட்டு தொடரட்டும். உழைக்கும் மக்களின் பிள்ளைகளும் அந்தப் புல்வெளியில் மட்டை பிடிக்கட்டும். ஆனால் காடு ஆட்டத்துக்கான இடையூறு அல்ல, உயிர்களின் வழி என்பதை ஏற்ற பிறகே எந்த மைதானத்துக்கும் இடம் வகுக்கப்பட வேண்டும். தேவபஹாரில் யானைகள் கேட்டது அவ்வளவே. அவற்றின் சார்பில் அந்தக் கோரிக்கையை அடுத்த முறை முதலில் எழுப்பும் குரல், ஆலைக்குள்ளிருந்து ஒலிக்கும் தொழிலாளர்களின் குரலாக இருக்க வேண்டும்.